பனி ஈரத்தில் தூவிய யூரியா

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது புதினா இலைகளில் ஒட்டியிருந்த வெள்ளை மணிகள். பனித்துளி என்று நினைத்துத் தொட்டேன். விரலில் நறநறத்தது. பாதி கரைந்த யூரியா.

எண்பத்தெட்டு மார்கழி. ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் அண்ணன் கால் ஏக்கரில் புதினா போட்டிருந்தார். ராஜபாளையத்தில் வேலை பார்த்த நான், தினமும் ஏழு மணிக்கு அவர் வீட்டில் புதினாக் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். அங்கே பிரியாணிக் கடை வைத்திருந்த பாயிடம் கொடுப்பேன். ராத்திரி ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்ட மண், கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர், வேறொன்றும் கிடையாது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அண்ணன் எனக்குக் கொடுத்த வாக்கு அது.

அன்று ஆபீசுக்குச் சீக்கிரம் போக வேண்டியிருந்ததால் நேராகத் தோட்டத்துக்கே வந்துவிட்டேன்.

யூரியாவைப் பனி காய்ந்த பிறகுதான் தூவ வேண்டும். ஈர இலையில் ஒட்டினால் பொசுக்கிவிடும். இருபது வருடம் விவசாயம் பார்த்தவருக்கு இது தெரியாததல்ல. வெளிச்சம் வந்தால் யாராவது பார்த்து என்னிடம் சொல்லிவிடுவார்கள் என்ற அவசரம். குனிந்து பார்த்தேன். பழைய இலைகளிலும் காய்ந்த பழுப்புப் புள்ளிகள் இருந்தன.

அண்ணன் பம்புசெட் அறையிலிருந்து வந்தார். கையில் காலிச் சட்டி.

"என்னலே, கோழி கூப்பிட வந்துட்ட?"

"எத்தனை நாளாண்ணே இது?"

அவர் சட்டியைக் கீழே வைத்தார். "கிடைக்காரங்க வத்திராயிருப்புப் பக்கம் போயி ரெண்டு மாசமாச்சு. ஆட்டெரு ஒரு சாக்குதான் மிச்சம். செடி எந்திரிக்க வேணாமா?"

"பாய்கிட்ட நான் என்ன சொல்ல?"

"எப்பவும் சொல்லுததைச் சொல்லு. அவிய என்ன மோந்தா பாக்கப் போறாக?"

"மோந்துதான் பாக்காரு."

"அப்பம் அத்தர் தடவிக் குடு," என்று சிரித்தார்.

புதினாக் கட்டை எடுத்துக்கொண்டுதான் போனேன். பாய் வழக்கம்போல ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

"ரெண்டு மாசமாத் தெரியும் தம்பி. இலை கரும்பச்சையாப் பெருத்திருக்கு, மத்தியானத்துக்குள்ள துவண்டுருது, வாசம் இல்ல. நீங்களா வாயத் திறப்பீங்கன்னு பாத்தேன். நாளையில இருந்து கட்டு வேணாம்."

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியும் பாய்."

"சரி தம்பி," என்றார். நம்பியதற்கான குரல் அல்ல அது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம், இனி கட்டு வேண்டாம் என்று சொல்ல அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் இன்னும் வரவில்லை. மதினி கொல்லையில் துவையலுக்குப் புதினா கிள்ளிக்கொண்டிருந்தார். கிணற்றுக்குப் பின்னால் நான் அதுவரை பார்த்திராத சிறு பாத்தி.

"தோட்டத்துல அம்புட்டுக் கிடக்கே மதினி?"

"அதை யாரு திம்பா? பிள்ளைக திங்கிறதுன்னு உங்க அண்ணன் இதைத் தனியா வச்சிருக்காக. ஐப்பசியில வச்சது."

பாத்தி ஓரத்தில் ஒரு சாக்கு சாய்ந்திருந்தது. அதில் பாதிக்கு ஆட்டெரு இருந்தது.