நடுவில் காணாமல் போன போர்டு

எண்பதுகளின் கடைசியில், ஓசூரில் கம்ப்யூட்டர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்கள் மிஷினில் மூன்று பிராசஸர் போர்டுகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட இடங்களில் செருகியிருக்கும். ஒரு திரெட்டை, அதாவது உள்ளே ஓடும் ஒரு தனி வேலையை, இந்தப் போர்டில்தான் ஓட வேண்டும் என்று கட்டிப்போடலாம். மிஷினை இயக்கும் அடிப்படைப் புரோகிராமான கெர்னலில் அந்தப் பகுதியை எழுதியவள் நான். அதைச் சோதிக்கும் டெஸ்ட் புரோகிராமை எழுதியவர் என் மேலதிகாரி.

டெஸ்ட் ஒரு நேரம் பாஸ் ஆகும், ஒரு நேரம் ஃபெயில் ஆகும். சொன்ன போர்டில் திரெட் ஓடவில்லை என்று காட்டும்.

"டெஸ்ட்டுல தப்பு இருக்காதும்மா. சனிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா உங்க பகுதியத் தூக்கிட்டு பழசையே போட்டுடலாம். நீங்க மிஷினோட மானுவல் புக்க டைப் பண்ணுங்க," என்றார் அவர்.

ஆறு மாத உழைப்பு. மானுவல் டைப் அடிக்கவா மாரண்டஹள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறேன்?

எழுதியதைப் பத்துத் தடவை வரிவரியாகப் படித்தேன். தப்பு ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் டெஸ்ட் ஃபெயிலானபோது அச்சாகி வந்த தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாமே சாப்பாட்டு வேளைக்கு முன்னால் ஓட்டியவை. அதென்ன, என் கெர்னல் சோறு தின்றால்தான் வேலை செய்யுமா?

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் மிஷின் அறையில் உட்கார்ந்துகொண்டேன். ஹார்டுவேர் பிரிவு அண்ணன் ஒருவர் வந்தார். மிஷினை நிறுத்தி, நடுப் போர்டை உருவிக்கொண்டு, மறுபடி மிஷினைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

"அண்ணா, அது எங்கங்க போவுது?"

"எங்க டேபிளுக்குத்தாம்மா, ரிப்பேர் வேலைக்கு. காலைல எடுத்துக்குவோம், சாப்ட்டுட்டு வந்து வெச்சிருவோம். பக்கத்து வூட்ல காப்பித்தூள் வாங்கற மாதிரிதான். இதுக்கெல்லாமா சொல்லிட்டிருப்பாங்க?"

விஷயம் புரிந்துவிட்டது. டெஸ்ட் போர்டுகளை எண்ணுகிறது, இரண்டு இருக்கின்றன. உடனே ஒன்றாம் போர்டில் கட்டு, இரண்டாம் போர்டில் கட்டு என்கிறது. இருப்பவையோ ஒன்றாவதும் மூன்றாவதும். இரண்டாம் போர்டு இல்லை என்று என் கெர்னல் ஒழுங்காகத்தான் பதில் சொல்கிறது. டெஸ்ட் அதைக் காதில் வாங்கினால்தானே?

எண்ணிக்கையை நம்பாமல், எந்தெந்த இடத்தில் போர்டு இருக்கிறது என்று கேட்டு, அங்கே மட்டும் கட்டும்படி டெஸ்ட்டைத் திருத்தினேன். ஏழே வரி.

சனிக்கிழமை எல்லோரையும் நிற்கவைத்து ஓட்டினேன். நடுப் போர்டு இல்லாமல் பழைய டெஸ்ட், ஃபெயில். புதியது, பாஸ். போர்டைச் செருகி மறுபடி ஓட்டினேன், பாஸ். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஓசூரையே விலைக்குக் கேட்டிருப்பேன்.

மேலதிகாரி தாளை இரண்டு தடவை படித்தார். "சரிதாம்மா. உங்க பகுதி அப்படியே இருக்கட்டும்," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனா மானுவல் டைப் பண்ண ஆள் வேணுமே?" என்றார்.

"டெஸ்ட் எழுதுனவரு இப்ப சும்மாதானுங்க சார் இருக்காரு," என்றேன்.

திங்கட்கிழமை டைப்ரைட்டர் அவர் மேஜைமேல்தான் இருந்தது.