மூன்றாவது போர்வெல்

என்னைவிடப் பெரிய முட்டாளை ராசிபுரம் பக்கம் தேடினாலும் கிடைக்காது. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, அது எழுந்து நின்ற இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னவரை நம்பி இரண்டு போர்வெல் போட்டேன். இரண்டிலும் வெறும் புழுதிதான் வந்தது. மூன்றாவதற்கும் அவரையே கூப்பிட்டேன்.

ரிக் வண்டி ஓட்டிவந்தவர் ஒல்லியான கிறிஸ்தவர். புருவம்வரை கல்தூள். ராடு மாட்டுகிற இடைவெளியிலெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு, கிரீஸ் படிந்த பைபிளில் தீர்க்கதரிசிகளைப் படிப்பார். ஆயிரம் அடி தாண்டியும் புழுதியே பறந்தது. என் மரவள்ளி இன்னும் ஒரு வாரம் தாங்காது. வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளியின் விளைநிலத்தில் மோட்டாரோ தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது.

எரிச்சல் ரிக் வண்டிக்காரர்மேல் திரும்பியது. "ஏனுங்க, மழையும் மண்ணும் உங்க சாமி பேச்சைத்தான் கேக்கும்னீங்க. அந்தக் காட்டுக்குத் தண்ணி, என் காட்டுக்குப் புழுதியா? என்மேல அவருக்கு அப்படியென்னங்க கோவம்?"

"இதுல அப்படித்தானுங்க எழுதியிருக்குது. ஒரு காட்டுல பெய்யும், பக்கத்துக் காடு காயும். மனுசன் தன் பக்கம் திரும்பட்டும்னு ஆண்டவர் கூப்பிடறாருங்க."

"கூப்பிடறவரு ஒருக்கா மெதுவாக் கூப்பிடக் கூடாதுங்களா?"

அவர் என் குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சுங்களே."