கால் இடிக்காத கார்

பேராவூரணியில் எத்தனையோ பேர் கார் வாங்கியிருக்கிறார்கள். தேங்காய் விலை ஏறிய வருடங்களில் வாங்கினார்கள், சிங்கப்பூரிலிருந்து மகன் பணம் அனுப்பியதும் வாங்கினார்கள். ஆனால் ஷோரூமுக்குள் போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பின் சீட்டில் மல்லாந்து படுத்துப் பார்த்தவர் என் அப்பா ஒருவராகத்தான் இருக்கும். அப்போது எனக்கு ஒன்பது வயது. சுவரெல்லாம் கண்ணாடியாக இருக்கும் கட்டடத்தில் ஒளிந்துகொள்ள ஓர் இடமும் கிடைக்காது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் எங்களிடம் இருந்த காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா காலம்வரை எங்கள் குடும்பத்தார் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள். அப்பாதான் விவசாயப் படிப்பு படித்து, கடை போட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறியவர். அம்மா அரசுப் பள்ளியில் டீச்சர். இப்படிப்பட்ட வீட்டு வாசலில் ஒரு நாள் வெளிநாட்டுக் கார் ஒன்று வந்து நின்றது. தஞ்சாவூரில் அரிசி ஆலை வைத்திருந்தவர் ஆண்டுக்கணக்கில் ஓட்டிவிட்டுப் புதுசு வாங்கியதால் தள்ளிவிட்டது. அதன் நீளத்துக்கு எங்கள் தெருவில் திருப்ப இடம் போதாது. அப்பா தினமும் முக்குவரை ரிவர்ஸிலேயே போவார். உரக்கடைக்காரருக்கு இவ்வளவு பகட்டு எதற்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

நான் சேர்ந்திருக்கக் கூடாது. ஏனென்றால் கார் வந்ததே என்னால்தான். எனக்கு ஏழு வயதில் இடது இடுப்பு மூட்டில் ஒரு கோளாறு வந்தது. தொடை எலும்பின் உருண்டையான நுனிக்கு ரத்தம் போகாமல் அது நசுங்கிக்கொண்டே வந்தது. திருச்சி எலும்பு டாக்டர் என் இரண்டு கால்களையும் அகல விரித்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு, நடுவில் ஒரு மரச்சட்டத்தையும் வைத்து இறுக்கிவிட்டார். மடக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. அந்தக் கோலத்தில் என்னைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது, ஆட்டோவுக்குள் நுழைக்க முடியாது. முதல் தடவை வாடகை வேனில் பாய் விரித்துத் தரையில் கிடத்திக் கூட்டிவந்தார்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் கத்தினேன். நான் கத்தாத இடங்களில் அம்மா கத்தினாள். அடுத்த வாரம் அந்தக் கார் வந்துவிட்டது. அகலமான கதவு, சோபா போன்ற பின் சீட்டு. பள்ளத்தில் இறங்கினாலும் வலிக்காது.

படுத்தபடியே போய் வந்ததால் எனக்கு ஊர்களின் மேல்பாதிதான் தெரியும். தென்னந்தலைகள் போய்க் கட்டட உச்சிகளும் மின்கம்பிகளும் வந்தால் பட்டுக்கோட்டை. ஒன்றுமே இல்லாமல் வெறும் வானம் ஓடினால் இரண்டு பக்கமும் நெல் வயல் என்று அர்த்தம். நான் ஊர் பெயரைச் சரியாகச் சொல்லும்போதெல்லாம் அப்பா ஹாரன் அடித்துப் பாராட்டுவார்.

பிறகு கட்டைப் பிரித்தார்கள். காலைத் தாங்கித் தாங்கி நடந்தேன்; காரில் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, அவ்வப்போது திருச்சிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதைத் தவிர என்னைப் பொறுத்தவரை கதை முடிந்துவிட்டது. டாக்டர் அப்பாவிடமும் அம்மாவிடமும் தனியாகச் சொல்லியிருந்தது வேறு. நசுங்கிய எலும்பு திரும்ப வளரும். உருண்டையாக வளர்ந்தால் நல்லது. தட்டையாகிக் குழியைவிட்டு நகர்ந்தால் அறுத்துச் சரிசெய்து, இந்த முறை மார்பிலிருந்து பாதம்வரை கட்டுப் போட வேண்டியிருக்கும். எது நடக்கும் என்பதைப் பொறுத்திருந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். இதைப் பற்றி என்னிடம் யாரும் மூச்சு விடவில்லை. நான் வேலைக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள்.

இதற்குள் காருக்கு வயதாகிவிட்டது. ஏ.சி. முன்னால் இருப்பவருக்கு மட்டும் வேலை செய்தது, அதுவும் இடது பக்கம் இருப்பவருக்கு. பின் கண்ணாடியை இறக்கினால் ஏறாது. அப்பா இறங்கி வந்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தித் தூக்க வேண்டும். மேல்கூரைத் துணி பிரிந்து தொங்கி, உயரமானவர்கள் தலையில் முக்காடு போட்டதுபோல் விழும். ஒரு சின்னச் சாமான் போனால் அது சென்னையிலிருந்து வர வேண்டும், சென்னைக்கே வேறு எங்கிருந்தோ வர வேண்டும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்த நாட்களில் அப்பா பழைய மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போனார்.

எப்போது மாற்றுவது என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தொடுவதற்கு முன்னால் கைகழுவ வேண்டும் என்று போனில் வகுப்பெடுத்தார். இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்கும் என்றார் மெக்கானிக். அதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் சபையில் பாதிப் பேர் காரைச் சுற்றி நின்று அதன் எதிர்காலத்தைப் பேசினார்கள். எல்லாருக்கும் அப்பாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. பார்ப்போம் என்பார்.

என்னிடமும் ஒரு கணக்கு இருந்தது. என் வகுப்புத் தோழி ஒருத்தி சிவப்பு நிறச் சின்ன காரில் வந்து இறங்குவாள். கதவை அவளே திறப்பாள், அவளே சாத்துவாள். எங்கள் கார்க் கதவை நான் இரண்டு கையாலும் தள்ள வேண்டும். போதாததற்குப் பள்ளிக்கூடத்தில் எங்கள் காருக்கு எருமை என்று பெயர் வைத்திருந்தார்கள். சாயங்காலம் அது கேட்டுக்கு வந்ததும் நாலு பேராவது என்னிடம் வந்து எருமை வந்துவிட்டது என்று அறிவிப்பார்கள். சிவப்பாகச் சின்னதாக ஒன்று வாங்குங்கள் என்று நான் வீட்டில் கேட்காத நாள் இல்லை.

என் தொல்லை தாங்காமல்தான் ஷோரூமுக்குப் போகிறோம் என்று நினைத்தேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் நிறுத்தினார்கள். கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் மைலேஜ், டிக்கி, காற்றுப்பை என்று அடுக்கிக்கொண்டே வந்தார். அப்பா எதையும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் பின் கதவைத் திறந்தார், படுத்தார், முழங்காலை மடக்கி உடம்பைக் குறுக்கிக்கொண்டார், பிறகு இரண்டு காலையும் முடிந்தவரை விரித்தார். எதிர்ப்பக்கத்துக் கதவில் நின்று அம்மா இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். சுற்றிலும் ஆட்கள். கார் வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் தங்கள் வண்டியை விட்டுவிட்டு எங்கள் வண்டியைப் பார்க்க ஆரம்பித்தது.

"நீங்க முன்னாடி உக்காந்துதானே சார் ஓட்டுவீங்க?" என்று விற்பனையாளர் பணிவாகக் கேட்டார்.

இவருக்கு இடுப்பு வலி என்று அம்மா முந்திக்கொண்டாள். நல்ல வண்டிதான், கால் இடிக்கிறது என்று சொல்லி அப்பா எழுந்து செருப்பைத் தேடினார். ஒன்று கிடைத்தது; இன்னொன்று காருக்கடியில் போயிருந்தது. அதை எடுக்க விற்பனையாளர் குனிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மத்தியான வேளையில் கடைக்குப் பின்னால் காரை நிழலில் நிறுத்திப் பின் சீட்டில் குட்டித் தூக்கம் போடுவது அப்பாவின் பழக்கம். ஆக இவருக்கு வேண்டியது கார் அல்ல, கட்டில் என்று முடிவுக்கு வந்தேன். ஒரு மனிதரின் மத்தியானத் தூக்கத்துக்காக நான் எருமையில் போய்வர வேண்டும் என்பதை நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

அந்த ஆத்திரம் வெடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூட வாசலிலேயே கார் நின்றுவிட்டது. சாவியைத் திருகத் திருக இருமியது, கிளம்பவில்லை. பையன்கள் ஓடி வந்து தள்ளினார்கள், கணக்கு வாத்தியாரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சேர்ந்துகொண்டார். உள்ளே நான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். எருமையைத் தள்ளுடா என்று எவனோ சொன்னான். வாத்தியார் சிரித்துவிட்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்து, பையை மாட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

வீடு ஊருக்கு வெளியே, வாய்க்காலை ஒட்டிய சாலையிலிருந்து பிரியும் தெருவில் இருந்தது. அவ்வளவு தூரம் நான் நடந்ததே இல்லை. கயிறு மில்லைத் தாண்டும்போது எப்படியோ கிளம்பிய எருமை பின்னால் உறுமிக்கொண்டு வந்தது. ஏறு பாப்பா என்று அப்பா கெஞ்சினார். இந்தக் காரில் இனிமேல் ஏறப்போவதில்லை என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். கால் வலிக்கும், டாக்டர் திட்டுவார், அம்மா என்னைக் கொன்றுவிடுவாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். நான் வேகத்தைக் கூட்டினேன்.

சற்று நேரத்தில் சத்தமே இல்லை. கெஞ்சுவதை நிறுத்திவிட்டார் என்பது எனக்கு அவமானமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கார் பின்தங்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என் முகத்தைப் பார்க்காமல் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வண்டியை நிறுத்தினார். கதவைக்கூடச் சாத்தாமல் நடு ரோட்டில் இறங்கினார்.

"வலிக்குதா பாப்பா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. கொஞ்சங்கூட வலிக்கலயா?"

இல்லை என்று கத்தினேன். அப்படியானால் அந்த மதகுவரை நட என்றார். நடந்தேன். திரும்பி வா என்றார். வந்தேன். இன்னொரு தடவை போகச் சொன்னார், இந்த முறை என் பின்னாலேயே குனிந்தபடி வந்தார். அடம்பிடித்ததற்குத் தண்டனை கொடுக்கிறார் என்று நினைத்து நானும் விறைப்பாக நடந்து காட்டினேன். சைக்கிளில் தென்னை மட்டை ஏற்றிக்கொண்டு போன ஒருவர் நின்று, "என்னங்க, வண்டி நின்னுபோச்சா?" என்று கேட்டார்.

"நின்னுபோச்சுங்க" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். வண்டி நின்றதற்குச் சிரிக்கும் மனிதரை அவரும் பார்த்ததில்லை போல, மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் விசாரணை நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நடக்கவில்லை. கூடத்தில் கிடந்த நாற்காலிகளை ஓரமாக நகர்த்திவிட்டு அம்மாவுக்கு நடந்து காட்டச் சொன்னார் அப்பா. அம்மா தரையில் உட்கார்ந்து என் பாதங்களின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தாள். தாங்கித் தாங்கி நடப்பது எப்போது நின்றது என்று எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்குள் நடக்கும் நாலெட்டில் அது தெரியாது; வெளியே காரிலேயே ஏற்றி இறக்கிக் காரிலேயே கொண்டுபோனதால் அவர்களுக்கும் தெரியாமல் போயிருக்கிறது. அடுத்த எக்ஸ்ரேவுக்கு நாள் இருந்தது. அம்மா அன்று ராத்திரியே லீவுக்கு எழுதி வைத்துவிட்டாள்.

மறுநாள் திருச்சிக்குக் கிளம்பினோம். நான் பின்னால் உட்கார்ந்து வயல்களைப் பார்த்துக்கொண்டு போனேன். நான் காரில் ஏறியது சமாதானம் ஆகிவிட்டதால் அல்ல, டாக்டரிடம் நடந்து போக முடியாது என்பதால்தான் என்பதை ஒரத்தநாட்டிலேயே சொல்லிவிட்டேன். அம்மா கைக்குட்டையைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பிறகு என்னைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எழுந்திரு என்றார். எழுந்தேன். அவர் அப்பாவிடம் பாதி ஆங்கிலத்தில் நிறையப் பேசினார். எனக்குப் புரிந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான்: இனிமேல் வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும். அப்பா நன்றி சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, கையை மட்டும் கூப்பினார்.

வெளியே வேப்ப மரத்தடியில் கார் நின்றது. அப்பா அதன்மேல் சாய்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, எந்தக் கார் வேணும்னாலும் எடுக்கலாம். நீயே பாத்துச் சொல்லு."

என் போராட்டம் ஜெயித்துவிட்டது. நடந்து காட்டியதில் ஆள் பயந்துவிட்டார் என்று எனக்குள் பெருமை பொங்கியது. சிவப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அம்மாவைக் கவனித்தேன். பின் சீட்டில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வேனில் கத்திய அன்றுகூட இப்படி அழவில்லை.

காரை விற்கப்போவது தெரிந்துதான் அழுகிறாள் என்று புரிந்துகொண்டேன். இத்தனை நாள் இந்தக் காரை அப்பா மட்டும்தான் விரும்புகிறார் என்று நினைத்திருந்தது எவ்வளவு தப்பு. பக்கத்தில் போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். எருமை என்று எத்தனை பேர் சொன்னாலும் பரவாயில்லை என்று அந்த நிமிஷத்தில் உண்மையாகவே தோன்றியது.

"அழாதம்மா. விக்க வேணாம். இந்தக் காரே இருக்கட்டும்."

அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். என் முடியெல்லாம் நனைந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"சின்ன கார்தான்டி வேணும்" என்றாள். "இருக்கறதுலயே சின்னதா பாத்து வாங்கலாம்."

பெரிய காருக்காக இவ்வளவு அழுகிறவள் எதற்காகச் சின்னதைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. பெரியவர்களுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அம்மாவை அழவிட்டுவிட்டு, முன் சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.