பாவுக் கஞ்சி

கொதிக்கிற நொய்க் கஞ்சியில் நல்லெண்ணெய் சொட்டு விழுந்தால் ஒரு வாசனை எழும்பும், பசித்த வயிற்றைக் கையால் பிசைகிற மாதிரி இருக்கும். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கு விடிகாலையில் அந்த வாசனைதான். ஆனால் அந்தக் கஞ்சி மனுசருக்கு இல்லை, நூலுக்கு.

நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயிலில் காயவைத்துத்தான் தறியில் ஏற்றுவார்கள். அப்படிக் கட்டின நூலைப் "பாவு" என்பார்கள். கஞ்சி தண்ணியாக இருந்தால் நூலில் பிடிக்காது, தறியில் போய் அறும். கெட்டியாக இருந்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். பாவுக்குச் சொந்தக்காரரான மேஸ்திரி பானைக்குள் இரண்டு விரலை விட்டுத் தூக்கிப் பார்ப்பார். "நூலா எறங்கி சொட்டா அறுந்து விழணும், அதான் பதம்" என்பார். அவர் கண் தப்பாது.

அவர் வீட்டுப் பின்கட்டில் கஞ்சி காய்ச்சியது என் அம்மா அஞ்சலை. என் அப்பா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனுக்குப் போனவர், வரவில்லை, காகிதமும் இல்லை. வெள்ளைக்காரன் கொடி இறங்கின சமயம் அது. எனக்கு ஏழு வயசு, தம்பி மணிக்கு மூணு. கஞ்சியை வடிகட்டின துணியில் நிற்கிற திப்பி எங்களுக்கு என்று மேஸ்திரியே விட்டிருந்தார். அது ஒரு பிள்ளைக்கே பத்தாது. அதனால் அம்மா தினம் பானையில் ஒரு சொம்பு மொண்டு முந்தானைக்குள் மறைத்து எங்கள் குடிசைக்குக் கொண்டுவருவாள், பானையில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி நிரவிவிடுவாள்.

நூல் அறுந்துபோக ஆரம்பித்தது. பாவு பிடிக்கிற ஆட்கள் சிரித்தார்கள். "அஞ்சல கஞ்சி ஓடுற வேகத்துக்கு, பின்னாலயே ஓடுனா வில்லேனூர் போயிடலாம்டா" என்றான் ஒருத்தன். மேஸ்திரி சிரிக்கவில்லை. "இன்னா அஞ்சல, தண்ணியாட்டம் எறங்குது?" என்று கேட்டார். "சூடா கீது மேஸ்திரி, ஆறுனா எறுகும்" என்றாள் அம்மா. அது முழுப் பொய்யும் இல்லை, சூட்டில் எந்தக் கஞ்சியும் இளகித்தான் ஓடும். அன்றிலிருந்து அவள் பானையை ஆவி பறக்கவே அவர் முன்னால் வைப்பாள். சூட்டினால் இளகினது எது, தண்ணீரால் இளகினது எது என்று விரலுக்குத் தெரியாது என்று நினைத்தாள்.

மேஸ்திரி ஒருநாள் கொட்டாங்கச்சியில் கொஞ்சம் மொண்டு வேலி நிழலில் ஆற வைத்தார். வெயில் ஏறினபிறகு எல்லோர் முன்னாலும் அதைக் கவிழ்த்தார். இறுகாமல் தண்ணீராய் ஓடியது. அவர் அம்மாவைத் திட்டவில்லை. "கஞ்சி நூலுக்கு, பசி மனுசனுக்கு. ஆண்டவன் அப்பிடித்தான் பிரிச்சு வெச்சிருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். வேலையை விட்டு நிறுத்துவார் என்று அம்மா பயந்தாள். நிறுத்தவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள், மறுநாளும் ஒரு சொம்பு எடுத்தாள்.

அந்தச் சொம்பில் முதல் வாய் நான்தான் குடித்தேன். செம்புக்காசை நக்கினமாதிரி நாக்கு இழுத்தது. துப்பினேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "கசக்குதா சீமாட்டிக்கு? மாளிகைல போய்ப் பொறந்திருக்கணும்டி நீ" என்றாள். என் பங்கையும் தம்பிக்கே ஊற்றினாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தான். பசி அப்படி.

கொஞ்ச நேரத்தில் அவன் எடுத்த வாந்தி நீலமும் பச்சையுமாக இருந்தது. தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினோம். தெருவில் பாவு கட்டியிருந்தார்கள், வெயிலில் வெள்ளை நூல் முழுக்க அதே நீலம் மெலிசாக ஓடியிருந்தது. மயில்துத்தம், நீல விஷக் கல். அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து மேஸ்திரி பொடித்துப் போட்டிருந்தார். விடியாத இருட்டில் சிம்னி வெளிச்சத்துக்கு அது தெரியவில்லை. அம்மா நூலைப் பார்த்தாள், பாவோரம் நின்ற மேஸ்திரியையும் பார்த்தாள். "பாவுக்குப் போட்டேன், பூசணம் புடிக்காது. நான் யாருக்கும் ஊத்திக் குடுக்கல" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் இருந்த கன்னிகாஸ்திரீயை "மாசேர்" என்று கூப்பிடுவோம். அந்த மாசேர் தமிழ் நன்றாகப் பேசினார். "புள்ள என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையைத் திருகினாள். சொன்னால் திருடி என்று ஊர் சொல்லும், இருக்கிற ஒரே அடுப்பும் அவிந்துபோகும்.

"ஒண்ணும் குடுக்கல மாசேர்."

"ஒண்ணும் குடுக்காம நீலமா எப்படி வரும்?"

அம்மா தரையைப் பார்த்தாள். மாசேர் திரும்பத் திரும்பக் கேட்டார், அவள் திரும்பத் திரும்பத் தரையைப் பார்த்தாள். சாயங்காலம் மணி போய்விட்டான். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா, எனக்குத் தெரியாது. அம்மாவும் கடைசிவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

சின்னப் பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. வைத்திக்குப்பத்துக்கு வடக்கே மணலில் குழி தோண்டி வைத்தார்கள். காரியம் முடிந்ததும் அம்மா மேஸ்திரி வீட்டுக்கே போனாள். வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. என்னையும் கூட்டிப் போனாள். கஞ்சி காய்ச்சி, வடித்து, பானையை அவர் முன்னால் வைத்தாள். அவர் விரலை விட்டுத் தூக்கினார். நூலாக இறங்கி, சொட்டாக அறுந்து விழுந்தது.

"இப்பதான் அஞ்சல பதம் வந்திருக்கு" என்றார்.

பாவு பிடிக்கிறவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்கவேண்டும், முடித்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகிச் சாரம் ஊருக்குப் போகிற வரைக்கும் அந்தத் திப்பியைத்தான் சாப்பிட்டேன்.

இப்போது அந்தத் தெருவில் பாவு கட்ட முடியாது, வண்டி வாசலுக்கு வாசல் நிற்கிறது. மேஸ்திரி வீடு மாடியாகிவிட்டது. அதெல்லாம் போனதில் எனக்கு ஒன்றும் இல்லை. வருசத்துக்கு ஒருதரம் வைத்திக்குப்பம் பக்கம் போய் நிற்பேன். கரையைக் கடல் தின்றுகொண்டே வந்தது. அந்த மணல் மொத்தமும் உள்ளே போய்விட்டது, கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணியை வைத்த இடம் எது என்று பேத்தி கேட்டாள். தண்ணீரைக் காட்டினேன்.