ஸ்டீபன் அண்ணா வீட்டில் ஓடிய டியூன்

ஸ்டீபன் அண்ணா இல்லைங்க.

நேத்து காலையில ஆபீஸுக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலிக்குதுன்னு உட்கார்ந்தவர்... ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சுபோச்சு.

இன்னைக்கு சேவூர்ல அடக்கம் பண்ணிட்டு வந்து இதை டைப் பண்றேன்.

தெரியாதவங்களுக்கு... நெருப்பெரிச்சல்ங்கற ஊர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில நானும் அவரும் ஒரே ஐடி ரூம். கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் எந்த சாஃப்ட்வேர் நின்னாலும் முதல் திட்டு அவருக்குத்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு டைம்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர்ல புரோகிராம் கோடு அடிச்சுட்டு இருந்தார். என்னங்கண்ணா, சாப்பிடலையான்னு கேட்டேன். ஹெட்போனைக் கழட்டி என்கிட்ட கொடுத்தார்.

புல்லாங்குழல் மாதிரி ஒண்ணு. அதுக்கு அடியில அதே டியூன்... கொஞ்சம் லேட்டா, கொஞ்சம் கீழ் ஸ்தாயியில. ஸ்க்ரீன்ல பார்த்தா ஸ்வரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஹாஸ்கெல்ங்கற கம்ப்யூட்டர் மொழியில சில வரி புரோகிராம், அவ்வளவுதான்.

சின்ன வயசுல சர்ச்ல கீபோர்டு வாசிச்சவராம். காலேஜ் படிக்கறப்போ பைக் ஆக்சிடென்ட், இடது கை விரல் மடங்காம போச்சு. அப்புறம் வாசிக்க முடியாததை எழுத ஆரம்பிச்சேங்கன்னு சொன்னார். ஷிஃப்ட் மாறினதைச் சொல்ற மாதிரி சாதாரணமா.

அவர் சொன்னதுல எனக்குப் புரிஞ்சது இதுதான். ஒரு ஸ்வரத்தை இன்னொண்ணுக்குப் பின்னால கோர்க்கலாம், இல்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கலாம். மத்ததெல்லாம் ஃபங்ஷன்... ஒரு டியூனை உள்ள கொடுத்தா, தலைகீழாக்கியோ மெதுவாக்கியோ புது டியூனா வெளிய தரும்.

"பழைய டியூன் அப்படியே இருக்குங் கவிதா. நான் என்ன பண்ணினாலும் அது கெடாது."

அப்புறம் அந்த ஆயுத பூஜை... கம்பெனியில இருக்கறவங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க.

மேடையில லேப்டாப்போட உட்கார்ந்தார். ரெண்டு விண்டோ திறந்து வெச்சு, அடிக்கற கோடு எல்லாருக்கும் தெரியற மாதிரி பெரிய ஸ்க்ரீன்ல. கீழே டெய்லருங்க, ஒடிசாவுல இருந்து வேலைக்கு வந்த பசங்க, முதல் வரிசையில முதலாளி குடும்பம்.

முதல் பாகம் நல்லா போச்சு. அடுத்ததை ஓட விட்டார்... ஸ்க்ரீன் பூரா சிவப்பு எழுத்து. சத்தமே இல்ல.

பின்னால யாரோ விசிலடிச்சாங்க. மேனேஜர் என்கிட்ட குனிஞ்சு, ஃபோன்ல ஏதாச்சும் சினிமாப் பாட்டு போட்டுவிடும்மான்னார். நான் ஸ்பீக்கர் கேபிளைக் கையில எடுத்துட்டேன்.

அண்ணா தலையே தூக்கல. ஒரு டியூன் கொடுக்க வேண்டிய இடத்துல டியூன்களோட லிஸ்டையே கொடுத்திருந்தார். ஒத்தை விரல்ல மெதுவா... வரி வரியா தேடி... மாத்தி, என்டரைத் தட்டினார்.

கீழ இருந்து பேஸ் சத்தம் கிளம்பி வந்துச்சு பாருங்க. ஒடிசா பசங்கதான் முதல்ல எந்திரிச்சு ஆடினாங்க.

இறங்கி வந்தப்போ சட்டை நனைஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. "தப்பா ஓடறதுக்கு, ஓட மாட்டேன்னு நிக்கறது மேலுங்க"ன்னு சிரிச்சார்.

இன்னைக்கு மூணு மணிக்கு எடுக்கறதா இருந்துச்சு.

அவர் சம்சாரம் விமலா அக்கா, அந்த லேப்டாப்பைத் தூக்கிட்டு என்கிட்ட வந்தாங்க. "பாப்பாவுக்குன்னு ஒரு டியூன் எழுதி முடிச்சேன்னாருங். பொட்டி மூடறதுக்குள்ள அவ அதைக் கேட்டுரணும்."

பாப்பா பேரு அனிட்டா. ஆறாவது படிக்கறா.

ஆடியோ ஃபைலா இருக்கும்னு நினைச்சு வாங்கினேன். இல்ல... எங்க தேடினாலும் இல்ல. அனிட்டான்னு பேர் வெச்ச ஒரு கோடு ஃபைல் மட்டும்.

ஓட விட்டேன். எர்ரர் எதுவும் வரல, ஸ்க்ரீன்ல என்னமோ ஓடுது. ஸ்பீக்கர்ல சத்தம் மட்டும் இல்ல.

ஃபாதர் வந்துட்டார். பெட்டியோட மூடி சுவத்துல சாய்ச்சிருந்துச்சு, ரெண்டு பேர் போய் அதை எடுத்தாங்க.

அண்ணாவோட சித்தப்பாவுக்குக் கோபம். "போதும் அம்மிணி, மூடி வெய்யி. எழவு ஊட்ல கம்ப்யூட்டர் எதுக்கு?"

விமலா அக்கா லேப்டாப்பையே பார்த்துட்டு நின்னாங்க. என் முன்னாடி இருந்து நகரவும் இல்ல.

அப்பத்தான் மேடையில அந்த ரெண்டு விண்டோ ஞாபகம் வந்துச்சு... எந்த ஸ்வரம் எப்போன்னு சொல்றதுதான் கோடு. சத்தம் கொடுக்கறது வேற சாஃப்ட்வேர். அதைத் திறந்துட்டு மறுபடி ஓட விட்டேன்.

வந்துச்சு.

சின்னப் பிள்ளை குதிச்சுக் குதிச்சு நடக்கற மாதிரி ஒரு டியூன். அப்புறம் அதே டியூன் தலைகீழா... அப்புறம் ரெண்டும் சேர்ந்து. அழுதுட்டு இருந்தவங்க எல்லாம் அமைதி ஆயிட்டாங்க. அனிட்டா பெட்டி விளிம்புல கை வெச்சு, விரலால தாளம் போட்டுட்டு நின்னா.

ஃபாதர் பைபிளை மூடி வெச்சுட்டுக் காத்திருந்தார். ரொம்ப நேரம்.

எப்ப முடியும்னு சித்தப்பா கேட்டார். ஃபைலோட கடைசிக்குப் போய்ப் பார்த்தேன். கடைசி வரி திரும்ப அதே டியூனைத்தான் கூப்பிடுது... கொஞ்சம் கொஞ்சம் மாத்தி, திரும்பத் திரும்ப. முடிவுன்னு ஒண்ணு அவர் எழுதவே இல்ல.

"இது முடியாதுங்க"ன்னேன்.

நிறுத்தற கீ மேல விரலை வெச்சுட்டு விமலா அக்காவைப் பார்த்தேன்.

"நிறுத்தாதீங்க. அது பாட்டுக்கு ஓடட்டும்."

ஃபாதர் அதுக்கு மேலயே ஜெபத்தை ஆரம்பிச்சார். மூடினாங்க. தூக்கினாங்க. தெரு முக்கு திரும்பற வரைக்கும் பின்னால கேட்டுட்டே இருந்துச்சு.

கல்லறையில இருந்து திரும்பி வந்தப்பவும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. லேப்டாப்புக்கு யாரோ சார்ஜர் போட்டிருந்தாங்க... பார்த்தா, நடக்க முடியாம வீட்லயே இருந்துட்ட சித்தப்பா. பக்கத்துலயே சேர் போட்டு உட்கார்ந்திருந்தார்.

தூங்குங்கண்ணா. நாளைக்கு அந்த ரூமுக்குள்ள எப்படிப் போறதுன்னுதான் தெரியல...