விலாங்குத் தெருவின் இரண்டு பலகைகள்

பில்கு எங்கள் தெருவுக்கு வந்தபோது அவனுடைய இடது புருவத்தில் தையல்கூடப் பிரிக்கப்படவில்லை. அது சிறையில் கடைசி வாரம் வாங்கிய அடி. அதற்கு முன்னால் மாசான் விரிகுடாவின் அந்தக் கரையில் படகு கட்டும் தச்சனாக இருந்தான். மேஸ்திரி ஒருநாள் பலகையால் அவன் முகத்தில் அறைந்தான். இவன் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை எடுத்து மேஸ்திரியின் தாடையைப் பெயர்த்துவிட்டான். மேஸ்திரி முதலாளியின் மச்சான். வெளியே வந்த பிறகு எந்தப் பட்டறையும் பில்குவை உள்ளே விடவில்லை.

என் பூட்டுக் கடைக்கு நேர் எதிரே மக்ரேயின் பெயர்ப்பலகைக் கடை. புருஷன் கடலில் மூழ்கிச் செத்தபின் தனியாக நடத்தி வந்தாள். தகரத்தில் வண்ணம் தீட்டுவதில் எங்கள் ஊரில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எல்லாம் திடீரென்று மரத்தில் செதுக்கிய பலகைதான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அவளுக்கு உளி பிடிக்கத் தெரியாது. அதனால்தான் பில்குவைச் சேர்த்துக்கொண்டாள்.

"ஜெயிலுக்குப் போனவராமே?" என்று முதல் நாளே கேட்டாள்.

"ஆமா."

"இங்க கை நீட்டினா ஜெயில் இல்ல, ஆஸ்பத்திரி. ஞாபகம் வச்சுக்குங்க, படகுக்காரரே."

முதல் பெரிய வேலை தொக்பேயின் விலாங்கு சூப்புக் கடைக்கு. அம்மா தொடங்கிய கடை. அவள் இறந்ததும் கல்லாவில் தொக்பே உட்கார்ந்தான். அவன் தங்கை யாங்ஜா எப்போதும் போல அடுப்படியில் நின்றாள். 'ஆதி விலாங்குக் கடை' என்று பலகை வேண்டும் என்றான் தொக்பே. மக்ரே எழுத்துகளைத் தாளில் வரைந்து கொடுத்தாள். பில்கு அவற்றைப் படகுக்கு விலாச்சட்டம் அடிப்பதுபோல் அளவுகோல் வைத்து, எல்லா எழுத்தும் ஒரே உயரம், எல்லா இடைவெளியும் ஒரே அகலம் என்று திருத்தி, ஆழமாக வெட்டி வைத்தான்.

மக்ரே பலகையைத் தெருவுக்கு இழுத்து வந்து சுவரில் சாய்த்தாள். அவன் சட்டையைப் பிடித்து என் கடை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"படிங்க."

"வெட்டினதே நாந்தான், எனக்குத் தெரியாதா?"

"பஸ்ல போறவனுக்குத் தெரியுமா? வட்டம் வர்ற எழுத்தெல்லாம் குன்னிப்போய் நிக்குது. மத்ததவிட அதக் கொஞ்சம் பெருசா வெட்டணும். அப்பதான் கண்ணுக்குச் சமமாத் தெரியும். நம்ம ஊர் எழுத்துல விலாங்குன்னு எழுதினாலே ரெண்டு வட்டம் வரும், ரெண்டையும் கொன்னுட்டீங்க. நான் வரைஞ்சத மாத்த உங்கள யாரு கேட்டா?"

"அளவு சரியா இருக்கு."

"அளவ வச்சு சவப்பெட்டி செய்யுங்க!"

அவன் கை ஓங்கினான். அவள் ஒரே ஓட்டமாக உள்ளே போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வஜ்ஜிரப் பசைச் சட்டியோடு திரும்பி வந்தாள். "அடி பாப்போம். அடி!" நான் பூட்டும் கையுமாக நடுவில் நின்றேன். பில்கு திரும்பி, என் கடையின் மரத்தூணில் குத்தினான். விரல்முட்டி தோலுரிந்து ரத்தம் ஒழுகியது. அந்தத் தூண் இன்றும் ஒருபக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. தொக்பேக்கு அவசரம், அதே பலகையை எடுத்துக்கொண்டு போய் மாட்டிவிட்டான்.

மறுநாள் காலையில் பில்கு கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான். "வட்டம் எவ்வளவு பெருசா வெட்டணும்?" என்று கேட்டான்.

"அத எழுதி வைக்க முடியாது. கண்ணு சொல்லணும்."

அந்தக் கோடை முழுக்க அவன் வெட்டிய மாதிரிப் பலகைகளை அவள் கோடாலியால் பிளந்து அடுப்பில் போட்டாள். அவன் மறுபடி வெட்டினான். சில நாள் அவர்கள் கத்தும் சத்தத்தில் எனக்குச் சாவி அறுக்க முடியாது. கத்தி முடித்தபின் சோஜு சாராயம் குடித்துக்கொண்டே ஒருவர் வரைய மற்றவர் அழிப்பார். எழுத்தைப் பார்க்காமல் எழுத்துக்கு நடுவே உள்ள காலி இடத்தைப் பார்க்க பில்கு கற்றுக்கொண்டான். உளியைச் சரித்துப் பிடித்தால் மாலை வெயிலில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பி நிற்கும் என்பதை அவனேதான் கண்டுபிடித்தான். அன்றைக்கு மட்டும் அவள் கோடாலியை எடுக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் யாங்ஜா அண்ணனோடு சண்டை போட்டு வெளியே வந்தாள். ஒட்டினாற்போல அடுத்த கட்டடத்தையே வாடகைக்கு எடுத்தாள். நேரே மக்ரேயிடம் வந்தாள்.

"எனக்கு 'நிஜமான ஆதி விலாங்குக் கடை'ன்னு போடுங்கக்கா. அம்மாவோட கைப்பக்குவம் எங்கிட்டதான் இருக்கு. அவனுக்குத் தண்ணி கொதிக்க வைக்கவே தெரியாது."

அவள் போனதும் பில்கு கேட்டான். "அண்ணன்காரன் சும்மா இருப்பானா?"

"நாம எழுத்துதான் விக்கிறோம். எவன் ஆதி எவன் பாதின்னு அவங்க பாத்துக்கட்டும்."

யாங்ஜாவின் பலகை மாட்டியபோது தெருவே வாய்பிளந்து நின்றது. பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் அண்ணன் கடை இருப்பதே தெரியவில்லை. கண் தானாகத் தங்கையின் பலகையில்தான் போய் நின்றது. கண் போன பக்கமே கூட்டமும் போனது. சில வாரங்களில் தொக்பேயின் மேசைகள் காலியாகிவிட்டன.

ஒருநாள் மதியம் பில்கு மரம் எடுக்கத் துறைக்குப் போயிருந்தான். தொக்பே துறைமுகக் கூலியாட்கள் இரண்டு பேரோடு மக்ரேயின் கடைக்குள் நுழைந்தான்.

"எனக்கு மட்டமா செஞ்சுட்டு அவளுக்கு மட்டும் தங்கமா செஞ்சு குடுத்தியா? அவ எவ்வளவுடி குடுத்தா?"

"உனக்குச் செய்யறப்போ அந்தாளுக்கு வேலை தெரியாதுடா. அவசரம் அவசரம்னு தூக்கிட்டுப் போனது நீதான!"

வண்ண டப்பாக்கள் தெருவில் வந்து விழுந்தன. நான் ஓடினேன். வாசலிலேயே ஒருவன் என் வாயில் குத்தினான், முன்பல் ஒன்று நாக்கின்மேல் விழுந்தது. தரையில் கிடந்தபடியே பார்த்தேன். அவர்கள் மக்ரேயின் வலது கையை வேலை மேசைமேல் அழுத்திப் பிடித்தார்கள். தொக்பே பில்குவின் கொட்டாப்புளியை எடுத்தான். முதல் அடியில் அவள் கத்தினாள். இரண்டாவதில் சத்தமே வரவில்லை. அவன் அதோடும் நிறுத்தவில்லை.

பில்கு வந்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை மடியில் கிடந்தது, அது கை மாதிரியே இல்லை. யார் என்று அவன் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த, மரம் செதுக்கும் வாய்ச்சியைக் கழற்றினான்.

"வேண்டாம் பில்கு, மறுபடி உள்ள போவ!" என்றேன், வாயில் ரத்தத்தோடு.

மக்ரே கண்ணைத் திறந்தாள். "அவரு போகட்டும், தடுக்காதீங்க" என்றாள்.

தொக்பேயின் கடையில் கூலியாட்கள் அவன் வாங்கிக் கொடுத்த சாராயத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பில்கு முதல் ஆளின் முழங்காலில் வாய்ச்சியின் பின்பக்கத்தால் அடித்தான். மற்றவன் கொதிக்கிற சூப்பைச் சட்டியோடு பில்குவின்மேல் வீசினான். கழுத்திலிருந்து தோள்வரை தோல் வெந்து உரிந்தது. பில்கு அப்படியே போய் அந்த ஆளைச் சுவரில் மோதித் தள்ளிவிட்டு, தொக்பேயை மயிரைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனான். விலாங்குகளின் தலையில் குத்தூசி அடித்துத் தோலுரிக்கும் கட்டை அங்கே இருந்தது. பாதி உரித்த மீன் ஒன்று அதில் இன்னும் நெளிந்துகொண்டிருந்தது. தொக்பேயின் கையை அதன்மேல் வைத்து முழங்காலால் அழுத்தினான். வாய்ச்சியை ஓங்கினான்.

பின்வாசல் வழியாக யாங்ஜா பாய்ந்து வந்து, கையில் இருந்த இரும்பு அகப்பையால் பில்குவின் மண்டையில் போட்டாள். "எங்கண்ணன அடிக்கிறதுன்னா நான் அடிச்சுக்கறேன்! நீ யாருடா?" வாய்ச்சி விலகி இறங்கியது. கை தப்பியது, சுண்டுவிரல் தப்பவில்லை. தொக்பே ஊளையிட்டான். யாங்ஜா அண்ணனைக் கட்டிக்கொண்டு அவன் கன்னத்தில் மாறிமாறி அறைந்து அழுதாள். "பொம்பளை கையையா உடைப்ப? பொம்பளை கையையா?"

தொக்பேக்கும் பில்குவுக்கும் சிறை. பழைய வழக்கு இருந்ததால் பில்குவுக்கு இரண்டு மடங்கு காலம்.

அவன் திரும்பியபோது கழுத்துத் தோல் மெழுகுபோல் சுருங்கியிருந்தது. மக்ரேயின் விரல்கள் மடங்கியபடியே கூடிவிட்டன, தூரிகை நிற்காது. "இனிமே வரையறதும் நீங்க, வெட்டறதும் நீங்க" என்றாள். அவன் வரைந்தான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து திட்டினாள். வேலை வந்தது. கொஞ்ச நாள் அந்தக் கடையில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

பிறகு யாங்ஜா வந்தாள். வாசலிலேயே குனிந்து வணங்கினாள். "அண்ணனுக்கு ஒரு பலகை வேணும். எனக்குச் செஞ்ச மாதிரியே. அவன் கடைக்கு ஈகூட வரமாட்டேங்குது. குடிச்சே செத்துருவான் போலிருக்கு."

மக்ரே தரையில் துப்பிவிட்டு உள்ளே போனாள்.

சில நாள் கழித்து பில்கு அந்தப் பலகையை இழைத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள்.

"யாருக்கு இது?"

அவன் சுருண்டு விழுந்த சீவலை ஊதித் தள்ளினான்.

"என் கைய உடைச்சவனுக்கா?"

"அவனுக்காக இல்ல. நான் வெட்டின அந்தப் பழைய பலகை அங்க தொங்குது. தெருவுல போகும்போதெல்லாம் என் மானம் போகுது. அத இறக்கணும்."

"உன் மானம்! என் கை?"

உளிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன்மேல் எறிந்தாள். ஒன்று தொடையில் குத்தி நின்றது. அவன் அதைப் பிடுங்கிக் கீழே வைத்தான், நகரவில்லை. மறுநாள் அவள் துணிமூட்டையோடு உல்சான் ஊரில் இருந்த தன் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள். பில்கு பலகையை முடித்து, தானே ஏணி வைத்து மாட்டினான். தொக்பே வெளியே வந்து பார்க்கவில்லை. யாங்ஜாதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

அறுவடைப் பண்டிகைக்கு பில்கு உல்சானுக்குப் போனான். மூக்கு வீங்கி, சட்டையெல்லாம் ரத்தமாகத் திரும்பி வந்தான். நான் ஐஸ் கொடுத்தேன்.

"என்னய்யா ஆச்சு?"

"கதவத் திறந்ததுமே ஒண்ணு விட்டா. இடது கையால."

"அப்புறம்?"

"இவ்வளவு பலம் இருக்கே, இடது கையால வரையலாமேன்னு சொன்னேன். இன்னொண்ணு விட்டா."

அடுத்த வருஷமும் போனான். அதற்கடுத்த வருஷமும் போனான். மூக்கு சரியாகத்தான் இருந்தது. மக்ரே திரும்பி வரவில்லை, வருவாள் என்று அவனும் சொல்லவில்லை. சோறு போட்டாளாம். சாப்பிட்டு முடிக்கும்வரை இடது கையாலேயே பரிமாறினாளாம்.