வெல்மா அக்கா கழித்த அரை மணி

டிவி பெட்டியில் எந்த நேரத்தைப் பார்த்தாலும் வெல்மா அக்கா உதட்டுக்குள் "அரை" என்று சொல்லிக்கொள்வார். பதினோரு வருடமாகக் கவனித்திருக்கிறேன். எங்கள் நியூஃபவுண்ட்லாண்ட் தீவின் கடிகாரம் பக்கத்து மாகாணங்களைவிட அரை மணி முன்னால் ஓடும். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் அவருடைய ரெக்கார்டரைச் செய்தவர்களுக்கு அது தெரியாது; அதன் கடிகாரம் அரை மணி பின்தங்கியே ஓடும். மூன்று மணி ஆட்டம் வேண்டுமென்றால் அக்கா பெட்டியின் அட்டவணையை நம்பாமல் இரண்டரை என்று கையால் போடுவார். அவர் மீன் ஆலையில் நண்டு உடைப்பவர். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. ஆனால் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆனது.

பக்கத்து வீட்டு லியாண்டர் படகுச் சேவையில் வேலை செய்பவர். அவர் மகள் ஜானீன், பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்து, வட்டத்தின் நடுவில் நிறுத்தும் கர்லிங் ஆட்டத்தில் தேசிய இறுதிப் போட்டிக்குப் போய்விட்டாள்.

"ஞாயித்துக்கிழம எனக்கு டூட்டி, வெல்மா. நீதான் புடிச்சு வைக்கணும். முடிவ எவனும் எங்கிட்ட சொல்லக்கூடாது."

"ஊர் வாய நான் பூட்டுறேன். நீ போய் ஒழுங்கா கயித்தக் கட்டு."

நாங்கள் எல்லோரும் தேவாலயக் கூடத்தில் நேரலையாகப் பார்த்தோம். திங்கள் மதியம் லியாண்டர் காதில் பஞ்சோடு அக்காவின் சமையலறைக்கு வந்தார். பதிவு ஓடியது. முதல் அரை மணி யாரோ தக்காளிச் செடி நட்டார்கள். அக்காவின் முகம் மாறியது. கடைசிச் சுற்று, இரு அணியும் சமம், ஜானீன் கடைசிக் கல்லைத் தள்ளக் குனிகிறாள். திரை கறுத்தது.

"போடு மேல!"

"மேல இல்ல, லியாண்டர்."

ரெக்கார்டர் கம்பெனிக்காரர்கள் சனிக்கிழமை சத்தமில்லாமல் அதன் கடிகாரத்தைத் திருத்தியிருந்தார்கள். சரியாகிவிட்ட கடிகாரத்திலும் அக்கா வழக்கம்போல அரை மணியைக் கழித்துவிட்டார்.

லியாண்டர் தொப்பியை முறுக்கினார். "என் பொண்ணு கடைசிக் கல்லு, வெல்மா."

அக்கா எழுந்து மேசையை ஓரம் தள்ளினார். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டார். ஜாம் புட்டிகள் எதிரணிக் கற்கள், கெட்டில் ஜானீனின் கல்.

"துடைப்பத்த எடு!"

"நானா?"

"பின்ன, பாதிரியாரா? உன் பொண்ணு கல்லு, நீ தேய்!"

அக்கா முட்டி போட்டுக் கெட்டிலைத் தள்ளினார். லியாண்டர் அதன் முன்னால் குனிந்து வெறிபிடித்தவர் போலத் தேய்த்தார். சமையலறையில் கூடியிருந்த நாங்கள் "தேய்! தேய்!" என்று கத்தினோம். கெட்டில் இரண்டு புட்டிகளைத் தள்ளிவிட்டு வட்டத்தின் நடுவில் நின்றது.

"இப்படியா நின்னுச்சு?"

"இதே எடம்தான்டா! ஜெயிச்சுட்டா!"

அவர் துடைப்பத்தோடு அக்காவைத் தூக்கிச் சுற்றினார். அக்கா மூச்சு வாங்க, "நெஜப் படத்தையும் உனக்கு நானே வாங்கித் தர்றேன்" என்றார்.

பதிவைக் கேட்டுத் தொலைக்காட்சி நிலையத்துக்கு இரண்டு முறை எழுதினார்; இரண்டு முறையும் ஆண்கள் ஆட்டத்தின் பதிவுதான் வந்தது. ஜானீன் தன் கைபேசியில் அந்தக் கடைசிக் கல்லைக் காட்டப் போனால் லியாண்டர் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறார்.

"எடுத்துட்டுப் போ. அது வெல்மா எனக்குத் தர வேண்டியது."